மாதவிடாய் நிற்கும் வயதில் மனக்கலக்கம்: ஹார்மோனா, மனச்சோர்வு மாத்திரையா?

நாற்பத்தைந்து தாண்டிய ஒரு பெண் காரணமே இல்லாமல் அழுதால், பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தால், நம்ம குமரி மாவட்டத்தில் முதலில் கிடைப்பது உளுந்தங்கஞ்சி, அதற்கும் சரியாகவில்லை என்றால் யாரோ சொல்லி வாங்கும் தூக்க மாத்திரை. உளுந்து நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். தூக்க மாத்திரை பழக்கமாகிவிடும். உண்மையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது வேறு இரண்டு: ஹார்மோன் சிகிச்சையும் மனச்சோர்வு மாத்திரையும்.

மாதவிடாய் முழுதாக நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறைவதில்லை, ஏறி இறங்கித் தடுமாறும், அது மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற ரசாயனத்தையும் ஆட்டிவிடும். ஆனால் எல்லாருக்கும் தொல்லை ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. எங்கள் மைனி (அண்ணன் மனைவி) அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்ப்பவர். நடுராத்திரி கழுத்தெல்லாம் வியர்த்து, நைட்டி நனைந்து எழுந்து ஃபேனுக்குக் கீழே உட்காருவார், கொஞ்ச நேரத்தில் குளிர் எடுத்துப் போர்வையைத் தேடுவார், அப்புறம் தூக்கமே கிடையாது. மறுநாள் சாயங்காலம் யார் என்ன கேட்டாலும் சண்டைதான். நன்றாகத் தூங்கிய மறுநாள் பழைய மைனியாக இருப்பார்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை முன்னால் நிற்கிறது. உடம்புச் சூட்டுக்கும் வியர்வைக்கும் அதைவிட நன்றாகக் கேட்கும் மருந்து இல்லை. கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்க்க வேண்டும், கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். புற்றுநோய் வரும் என்ற பயம் 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வால் வந்தது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63, இரண்டு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களில் வருடத்துக்கு 10,000 பேருக்கு சுமார் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதலைவிடப் பலனே அதிகம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் பொதுவாக இது வேண்டாம். ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்களுக்கு மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல் பாதுகாப்பானது, அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நன்றாகத் தூங்கிய நாளிலும் மனசு எழும்பவில்லை, பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, பிரசவத்துக்குப் பிறகும் இப்படி ஒருமுறை வந்தது என்றால், அது வேறு கதை. அங்கே எஸ்சிட்டலோபிராம், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளும் பேச்சு சிகிச்சையும்தான் முதலில், ஹார்மோன் அதற்கு மாற்று ஆகாது. மனசு தெளிய சில வாரம் பிடிக்கும், நினைத்த உடனே நிறுத்தக்கூடாது. ஹார்மோன் எடுக்க முடியாதவர்களுக்கு இவை உடம்புச் சூட்டையும் ஓரளவு குறைக்கும், ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கான டாமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்கள் இவற்றில் பாரோக்செட்டின் என்பதைத் தவிர்க்க வேண்டும். தேவைப்பட்டால் இரண்டு சிகிச்சையும் சேர்ந்தே நடக்கலாம்.

எதைத் தொடங்கும் முன்னாலும் தைராய்டும் ஹீமோகுளோபினும் பாருங்கள், அந்தக் குறைகளும் இதே முகத்தோடு வரும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியில் வாங்கிய கஷாயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் ஓபி நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.