கிராஸ் டிரெய்னரா, டிரெட்மில்லா, சைக்கிளா: முட்டிக்கு எது, வீட்டுக்கு எது?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று நம்ம வடசென்னைப் பக்கம் எந்த ஜிம்முக்குப் போனாலும் கார்டியோ பண்ண மூன்று மெஷின்களாவது இருக்கும்: டிரெட்மில், சைக்கிள், அப்புறம் எலிப்டிக்கல். கடைசியாகச் சொன்னது, நின்றபடியே இரண்டு பெடலை மிதித்து, கைப்பிடியைத் தள்ளி இழுக்கும் மெஷின். அதை மாஸ்டர்கள் கிராஸ் டிரெய்னர் என்பார்கள். நாற்பதைத் தாண்டிய ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தால் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்.

“மாஸ்டர், மாடிப்படி ஏறினாலே முட்டி வலிக்குது. நான் எதுல பண்றது?”

“கிராஸ் டிரெய்னர்ல ஏறுங்கக்கா. முட்டிக்கு ஒண்ணும் ஆகாது.”

இந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் ஏறுகிறவர்கள் ஒன்று வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள், இல்லையென்றால் மாதக்கணக்கில் ஆட்டிவிட்டு எடை குறையவில்லையே என்று ஜிம்மையே விட்டுவிடுகிறார்கள். எனக்கு எலிப்டிக்கல் மிகவும் பிடித்த மெஷின். அதனாலேயே அதன் குறைகளையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

அடி வேறு, சுமை வேறு

ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் ஒரு கணம் இரண்டு காலும் தரையை விட்டு எழும்புகின்றன. அப்புறம் மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது. அப்போது பாதத்தில் வாங்கும் விசை உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு. நடக்கும்போது எடையைவிடக் கொஞ்சம்தான் கூடும். எலிப்டிக்கலில் பாதம் பெடலை விட்டு எழும்புவதே இல்லை. பெடல் நீள்வட்டமாகச் சுற்றிவர, காலும் அதோடு போய்வருகிறது. ‘தொப்’பென்று விழும் அடியே கிடையாது. குதிகால் வலி உள்ளவர்களுக்கும், ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது என்பவர்களுக்கும் இது பெரிய நிம்மதி. மாஸ்டர் சொன்னதில் சரியான பாதி இது.

ஆனால் அடி இல்லை என்பதால் முட்டிக்குள் சுமையும் இல்லை என்று ஆகிவிடாது. முட்டி மாற்று சிகிச்சை செய்துகொண்ட சிலருக்குச் செயற்கை மூட்டுக்குள்ளேயே சென்சார் வைத்து இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். சைக்கிள் மிதிக்கும்போது முட்டியில் விழும் சுமை ஏறக்குறைய உடல் எடை அளவுதான். டிரெட்மில் நடைக்கு அது இரண்டு மடங்கு. எலிப்டிக்கலிலும் இரண்டு மடங்குதான், சொல்லப்போனால் அந்த நடையைவிடச் சற்று மேலே. ஓட்டத்தில் மூன்றைத் தாண்டிவிடுகிறது. 80 கிலோ எடையுள்ள ஒருவர் எலிப்டிக்கலில் நின்றால் முட்டி தாங்குவது 160 கிலோவுக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, எக்ஸ்ரே பார்த்து மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிவிட்டாரென்றால், முதலில் ஏற வேண்டியது சைக்கிளில். அதிலும் ஒரு விஷயம்: நம் ஜிம்களில் சீட்டு பெரும்பாலும் கீழேயே இறங்கிக் கிடக்கும், முன்னால் உட்கார்ந்தவர் உயரத்துக்கே நாமும் மிதித்துவிட்டு வருவோம். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்கும்படி சீட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும். சீட்டு தாழ்ந்திருந்தால் முட்டி அதிகம் மடங்கி, முட்டிச்சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும். அப்போது சைக்கிளே எதிரியாகிவிடும். சில வாரம் வலியில்லாமல் சைக்கிள் போன பிறகு எலிப்டிக்கலுக்கு வரலாம். முட்டியின் முன்பக்கம் வலிக்கிறவர்கள் அங்கேயும் சரிவை ஏற்றாமல், ரெசிஸ்டன்ஸ் லெவலை (பெடல் எவ்வளவு கனக்கிறது என்ற அளவை) குறைவாக வைத்து ஆரம்பிப்பது நல்லது.

உட்கார்ந்தா, நின்றா?

சைக்கிளின் குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. சீட்டு எடையைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும். எலும்பு பலப்பட அதன் மேல் எடை விழ வேண்டும். எலிப்டிக்கலில் நின்றுகொண்டு செய்வதால் சைக்கிளைவிட அது மேல். ஆனால் எலும்பை உசுப்புவதில் கால் தரையில் விழும் அந்தச் சின்ன அடிக்கும் பங்கு உண்டு. அது டிரெட்மில்லிலும் சாலையிலும்தான் கிடைக்கும். எலிப்டிக்கல் எதற்காகப் புகழப்படுகிறதோ, அதுவேதான் இங்கே அதன் பலவீனம்.

நாள் முழுக்க என்ன வேலை செய்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். எம்.சி. ரோடு துணிக்கடைகளில் பத்து மணி நேரம் நின்றே வேலை பார்க்கிறவர்கள் ராத்திரி ஜிம்முக்கு வந்து மறுபடியும் நிற்க வேண்டியதில்லை. கால் வீங்கியிருக்கும் நேரத்தில் சைக்கிள்தான் சுகம். ஆட்டோ ஓட்டுகிறவர், தையல் மெஷினில் குனிந்தே இருக்கிறவர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருக்கிறவர் இவர்களுக்கெல்லாம் எலிப்டிக்கல் அருமையாகப் பொருந்தும். இடுப்பு நிமிர்கிறது, பின்புறச் சதையும் தொடையின் முன்சதையும் நடையைவிட அதிகமாக வேலை செய்கின்றன, கைப்பிடியைத் தள்ளி இழுத்தால் தோளும் முதுகும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. தள்ளி இழுத்தால்தான். கைப்பிடியைச் சும்மா பிடித்துக்கொண்டு போனால் கையை ஆட்டுவது மெஷின், நாமில்லை.

ஏமாற்ற இடம் கொடுக்கும் மெஷின்

எலிப்டிக்கலின் மிகப் பெரிய குறையாக நான் நினைப்பது இதுதான். டிரெட்மில்லில் பெல்ட்டை மோட்டார் ஓட்டுகிறது. ஆறு என்று வேகம் வைத்தால் ஆறில் நடந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பின்னால் போய்விடுவோம். எலிப்டிக்கலில் அந்தக் கட்டாயம் இல்லை. உள்ளே இருக்கும் சக்கரம் கனமானது. ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால், ரெசிஸ்டன்ஸ் ஒன்று, இரண்டில் இருக்கும்போது அது தன் வேகத்திலேயே காலைச் சுற்றிவிடும். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்: கால் வேகமாகப் போகும், இடுப்பு இடமும் வலமும் ஆடும், குதிகால் பெடலில் படாமல் தூக்கிக்கொண்டே இருக்கும், ஒரு கையில் போன். முகத்தில் வேர்வை இருக்காது. அதே ஆள் லெவலை ஆறுக்கு ஏற்றினால், ஒரு நிமிடத்துக்குள் போன் ஸ்டாண்டுக்குப் போய்விடும், குதிகால் பெடலில் பதியும், மூச்சு வாங்க ஆரம்பிக்கும்.

திரையில் ஓடும் கலோரி எண்ணை நம்பி இட்லியைக் கூட்ட வேண்டாம். எலிப்டிக்கல் பொதுவாகவே அதை அதிகமாகக் காட்டும் ரகம். நம் எடையைக் கேட்காத மெஷின் என்றால் அது காட்டுவது வெறும் உத்தேசம். உண்மையில் ஒரே அளவு மூச்சு வாங்கும்படி உழைத்தால் டிரெட்மில்லுக்கும் எலிப்டிக்கலுக்கும் செலவாகும் சக்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் மூச்சையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இந்த மிதமான அளவில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும். எலிப்டிக்கல் அந்த இரண்டாவது கணக்கில் சேராது.

இன்னொரு சின்னத் தொல்லை, விரல் மரத்துப்போவது. பாதம் ஒரே இடத்தில் அழுந்தியே இருப்பதால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முன்பாதம் மரத்துவிடும். ஷூ கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, எடையைக் குதிகாலுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சர்க்கரையால் ஏற்கெனவே பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இறங்கியதும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வாங்கலாமா?

நம் பக்கத்து வீடுகளில் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியது மின்விசிறி. சிரிக்காதீர்கள், இது ஆபத்தான விஷயம். பெடல் மேலே வரும்போது பாதம் தரையிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும். ஐந்தரை அடி ஆள் ஏறி நின்றால் தலை ஏழு அடியைத் தொடும். கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் பழைய வீடுகளில் தளம் தாழ்வு, பரண் வேறு நீட்டிக்கொண்டிருக்கும். விசிறி ஓடாமல் செய்யவும் முடியாது, நம்ம ஊர்ப் புழுக்கம் அப்படி. வாங்குவதற்கு முன்னால் அந்த இடத்தில் உறுதியான ஒரு ஸ்டூலில் ஏறி நின்று பாருங்கள்.

அடுத்தது, கால் எட்டி வைக்கும் நீளம். ஜிம் மெஷின்களில் அது 20 அங்குலம் இருக்கும். வீட்டுக்கென்று 15,000, 20,000 ரூபாயில் வரும் சின்ன மாடல்களில் 12 முதல் 16 அங்குலம்தான். உயரம் குறைந்தவர்களுக்கு அது போதும். உயரமானவர்களுக்குக் குறுகிய எட்டில் படி மிதிப்பதுபோல் ஆகி, எந்த முட்டிக்காக வாங்கினார்களோ அந்த முட்டியே வலிக்கும். சக்கரம் லேசாக இருந்தால் சுழற்சி வெட்டி வெட்டி வரும்.

டிரெட்மில்லோடு வைத்துப் பார்த்தால் ஒரு விஷயத்தில் எலிப்டிக்கல் நன்றாகவே ஜெயிக்கிறது. காந்த ரெசிஸ்டன்ஸ் உள்ள சாதாரண மாடலுக்கு பிளக்கே வேண்டாம், திரைக்கு இரண்டு பேட்டரி போதும். பராமரிப்பு மின்தடை நாளிலும், மழைக்குக் கரண்ட் போன ராத்திரியிலும் ஓடும். சத்தமும் குறைவு. மேல்மாடிக் குடித்தனத்தில் டிரெட்மில்லில் தொம் தொம்மென்று நடந்தால் கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பார். ஆனால் டிரெட்மில்லை மடக்கிச் சுவரோரம் நிறுத்தலாம், எலிப்டிக்கலில் பெரும்பாலானவை மடங்காது. கூடத்தில் ஒரு ஆள் படுக்கும் இடம் நிரந்தரமாகப் போய்விடும்.

அப்புறம் உப்புக்காற்று. திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலோரம் இருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஜன்னல் கம்பி என்ன ஆகிறதோ அதுதான் மெஷினின் தண்டவாளத்துக்கும் திருகுகளுக்கும் ஆகும். எலிப்டிக்கலில் அசையும் மூட்டுகள் அதிகம். ஒன்றில் துரு ஏறினாலும் கீச்சென்று கத்தும். வேர்வையைத் துடைத்துவிட்டு, மூட்டுகளில் அவ்வப்போது எண்ணெய் விடத் தயாராக இருப்பவர்கள் மட்டும் வாங்கலாம்.

பூங்காவும் சாலையும்

மாநகராட்சிப் பூங்காக்களின் திறந்தவெளி ஜிம்மில் இரண்டு காலும் முன்னும் பின்னும் ஊசலாடும் ஒரு சாதனம் இருக்கும். பலர் அதையே எலிப்டிக்கல் என்று நினைக்கிறார்கள். அதில் ரெசிஸ்டன்ஸ் எதுவும் கிடையாது. இடுப்பு மூட்டு இளகுவதற்கு நல்லது, இதயத்துக்கான பயிற்சியாக அதை எண்ண வேண்டாம். அதே பூங்காவில் நான்கு சுற்று விறுவிறுவென்று நடந்தால் பலன் அதிகம்.

நடை என்றதும் நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் வந்துவிடுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், மணலிப் பக்கம் ஆலைகளின் காற்று. லாரி வரிசைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நடப்பதை என்னால் யாருக்கும் சிபாரிசு செய்ய முடியவில்லை. ராயபுரம் ராபின்சன் பூங்கா மாதிரி உள்ளே தள்ளிய இடம் கிடைத்தால் நடை எல்லா மெஷினையும் விட எனக்கு மேலானது. பேலன்ஸ், எலும்பு, பேச்சுத்துணை மூன்றும் அதில் கிடைக்கும். அப்படி இடம் கிடைக்காதவர்களுக்கும், மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும் வாரங்களுக்கும், ஜிம் எலிப்டிக்கல் நிஜமாகவே உதவும். வீட்டில் வாங்கி வைப்பதைவிட ஜிம்மில் இருக்கும் நல்ல மெஷினில் ஏறுவது பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்பது என் கருத்து.

அதையும் மீறி, யாரோ பயன்படுத்தியதை மலிவாக வாங்கப் போகிறீர்கள் என்றால் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஷூ போட்டு, தாழ்ந்திருக்கும் பெடலில் முதல் காலை வைத்து ஏறி, ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். லெவல் திருகை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். உள்ளே ஒரு கேபிள்தான் காந்தத்தைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் இழுக்கிறது. எட்டுக்கு ஏற்றியும் கால் ஒன்றில் போனது போலவே போகிறதென்றால் அந்தக் கேபிள் தளர்ந்திருக்கிறது, அல்லது அறுந்திருக்கிறது. பின்பக்கமாகவும் சுற்றிப் பாருங்கள், கடகடவென்ற சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கும். அந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.