கியூஜிஐஎஸ்ஸா, கிராஸா: எதில் தொடங்கலாம்?

கட்டற்ற மென்பொருளில் வரைபட வேலை கற்க வேண்டும் என்றால், எல்லோரும் கைகாட்டுவது கியூஜிஐஎஸ். நானும் அதில் தொடங்கத்தான் சொல்வேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் வரைபடம் போடக் கற்கிறார்களே தவிர, அளக்கக் கற்பதில்லை. அதற்குக் கொஞ்ச நாளாவது கிராஸ் என்ற இன்னொரு கட்டற்ற வரைபட மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இரண்டின் பிறப்பே வேறு. கிராஸ் 1980களில் அமெரிக்க ராணுவத்தின் கட்டுமான ஆய்வுக்கூடம் ஒன்றில், நிலத்தைக் கணக்கிட உருவானது. கியூஜிஐஎஸ்ஸை கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கியது, தரவைத் திறந்து பார்க்க ஒரு கருவி வேண்டும் என்பதற்காக. இன்றைக்கு அது எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆனாலும் எந்தக் கோப்பை இழுத்துப் போட்டாலும் முகம் சுளிக்காமல் காட்டிவிடும் பழைய குணம் போகவில்லை.

அந்தக் குணத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களை, தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றையும் சுற்றி 500 மீட்டருக்கு ‘பஃபர்’, அதாவது ஒரு வளையப் பகுதி, போடுவதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தரவு இருப்பது அட்சரேகை, தீர்க்கரேகையில். அலகைக் கவனிக்காமல் 500 என்று அடித்தால், அது 500 மீட்டர் இல்லை, 500 டிகிரி! உலக உருண்டையே 360 டிகிரிதான். பக்கத்தில் சின்னதாக ஓர் எச்சரிக்கைக் குறி வரும். புதியவர் கண்ணில் அது படாது. அந்தத் தரவு அடுக்கை (லேயர்) முதலில், உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு மாற்றிவிட்டால் சரி.

கிராஸில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவே முடியாது. வேலையைத் தொடங்கும்போதே புரொஜெக்டுக்கு ஒரே ஓர் ஆயமுறையை, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறையை, தேர்ந்தெடுக்க வேண்டும். வைகைப் படுகையை எடுத்துக்கொண்டால் உடனே தலையைச் சொறிவீர்கள். 78 டிகிரி கிழக்குக் கோடு யூடிஎம் மண்டலம் 43ஐயும் 44ஐயும் பிரிக்கிறது. தேனி 43இல், மதுரை 44இல். ஆறு அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் இரண்டிலும் ஓடுகிறது. ஏதாவது ஒரு மண்டலத்தை முடிவு செய்து, படுகை முழுவதையும் அதில் கொண்டுவர வேண்டும். எரிச்சலான வேலைதான். ஆனால் ஒருமுறை செய்தால் மறக்காது.

அடுத்து ‘ரீஜன்’. ராஸ்டர் (நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வைக்கும் தரவு) கணக்கு எந்த எல்லைக்குள், எவ்வளவு பெரிய கட்டங்களில் நடக்க வேண்டும் என்பதை கிராஸ் இதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். முந்தைய வேலையில் ஒரு கிலோமீட்டர் கட்டம் வைத்திருந்தால், 30 மீட்டர் உயரத் தரவையும் அது சத்தமில்லாமல் ஒரு கிலோமீட்டர் கட்டத்திலேயே கணக்கிட்டுத் தந்துவிடும். தொடங்குபவர் பலர் ஓடிப்போகும் இடம் இது. தாண்டிவிட்டால், நீர்ப்பிடிப்புப் பகுதி பிரிக்கும் ஆர்.வாட்டர்ஷெட் கட்டளை மட்டுமே பட்ட பாட்டுக்குப் போதும். உயரத் தரவில் உள்ள பள்ளங்களை முன்கூட்டியே நிரப்பாமல் நேராக ஓட்டலாம்.

இதே கட்டளையை கியூஜிஐஎஸ்ஸின் கருவிப்பெட்டிக்குள்ளிருந்தும் இயக்கலாம். ரீஜனைப் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். வேலை முடிந்தால் போதும் என்பவருக்கு வசதி. கற்க வந்தவர் கிராஸையே திறந்து ஒருமுறை கையால் செய்து பார்ப்பது நல்லது.

அச்சுக்குப் போகும் வரைபடம் என்றால் போட்டியே இல்லை, கியூஜிஐஎஸ்தான். தரவு அட்டவணையின் தலைப்புகளை (புலப்பெயர்) தமிழில் எழுதுபவர்கள் மட்டும் ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில் சேமிக்காதீர்கள். அதில் புலப்பெயருக்கு இடம் 10 பைட்தான்; ‘பெயர்’ என்ற சொல்லே யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் 15 பைட். ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவத்தில் இந்தத் தலைவலி இல்லை.

நிரல் எழுதி வரைபட வேலை செய்ய உதவும் ஜியோபாண்டாஸ் (பைதான் மொழியில்), எஸ்எஃப் (ஆர் மொழியில்) எல்லாம்? ஒரே வேலையை 30 மாவட்டத்துக்குத் திரும்பத் திரும்பச் செய்ய நேரும்போது அந்தப் பக்கம் போனால் போதும். ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இந்த வரிசை பொருந்தாது, அவர் நேராக அங்கேயே தொடங்கலாம். மற்றவர்கள் கியூஜிஐஎஸ்ஸின் பிராசசிங் ஹிஸ்டரியை (செய்த வேலைகளின் பதிவேடு) திறந்து பாருங்கள்: மவுஸால் இயக்கிய கருவிகளெல்லாம் பைதான் வரிகளாகப் பதிவாகியிருக்கும். அவற்றை நகலெடுத்துக் கோப்புப் பெயரை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம்.