மதுரைக் குழந்தைக்குக் குரோஷா ஸ்வெட்டர்: ஒரு வயது அளவும், இரண்டு மார்கழி உழைத்த பிறகு தெரிந்ததும்

மதுரையில் ஒரு குழந்தைக்கு ஸ்வெட்டர் தேவைப்படும் நேரம் கொஞ்சம்தான். மார்கழி, தை மாதங்களில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும் விடியற்காலை, ஏசி பஸ், எப்போதாவது கொடைக்கானல். காலை எட்டரைக்கு வெயில் ஏறிவிட்டால் கழற்றியாக வேண்டும், இல்லையென்றால் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு வந்துவிடும். அதனால் இந்த ஊர் ஸ்வெட்டருக்கு முதல் தகுதி, தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் கழற்ற முடிவதுதான். தலைவழியாக மாட்டும் மாடல் எத்தனை அழகாக இருந்தாலும் பீரோவில்தான் கிடக்கும். முன்பக்கம் முழுக்கத் திறந்து பட்டன் வைத்தது, கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுவது, இந்த இரண்டும் சேர்ந்த மாடல்தான் அதிக நாள் உழைக்கிறது.

நூலில் தவறினால் மற்ற எதுவும் காப்பாற்றாது. நூறு சதவீத அக்ரிலிக் மலிவு, நிறம் நிற்கும், துவைத்தாலும் சுருங்காது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. ஒரு குளிர்காலம் முடிவதற்குள் அக்குளிலும், தவழும்போது தரையில் உரசும் வயிற்றுப் பக்கத்திலும் சின்னச் சின்ன உருண்டைகள் கட்டும். சுத்தக் காட்டன் வியர்வைக்கு நல்லது, உருண்டையும் அவ்வளவாகக் கட்டாது, ஆனால் கனம். நனைந்தால் இன்னும் கனம். இரண்டு முறை கொடியில் தொங்கப் போட்டால் ஸ்வெட்டர் சட்டையைப்போல நீண்டுவிடும். மில்க் காட்டன் என்று விற்பது பெயரில்தான் காட்டன், பெரும்பாலும் அக்ரிலிக் கலந்தது. மதுரைக்கு அந்தக் கலவையே நடுத்தரமாக ஒத்துவருகிறது. கொடைக்கானலுக்கு மட்டும் என்றால் அக்ரிலிக் போதும், உள்ளே பனியன் கட்டாயம். லேபிளில் காட்டன் பாதியாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு துண்டை ஈரம் பண்ணி வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பின்னத் தொடங்குங்கள். சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் சாயம் விடும்.

ஒரு வயதுக்கு எட்டு பிளை தடிமனில் அக்ரிலிக் என்றால் 200 கிராம், காட்டன் கலவை என்றால் 250 கிராம் வேண்டும். எல்லா நூல் உருண்டையும் லேபிளில் ஒரே சாய எண்ணில் இருக்க வேண்டும். ஒரு உருண்டை குறைந்து பத்து நாள் கழித்துப் போனால் அதே வெள்ளைகூடக் கிடைக்காது, முதுகில் கோடு போட்டதுபோலத் தெரியும். முனையில் கொக்கி வைத்த குரோஷா ஊசி 4 மில்லிமீட்டர். சித்திரை, வைகாசியில் பின்னுகிறவர்கள் மூங்கில் ஊசியோ, ரப்பர் பிடி போட்டதோ வைத்துக்கொள்வது நல்லது. வியர்த்த கையில் அலுமினிய ஊசி வெளிர் நூலில் சாம்பல் நிறக் கறையை விடும், பிடியும் தன்னால் இறுகிக் கண்ணிகள் சின்னதாகிவிடும்.

கண்ணி வகை, அமெரிக்கக் கணக்கில் ஹாஃப் டபுள் குரோஷே. ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றி, கண்ணிக்குள் நுழைத்து இழுத்தால் மூன்று வளையம் நிற்கும், அந்த மூன்றையும் ஒரே இழுவையில் எடுப்பது. டபுள் குரோஷே சீக்கிரம் வளரும்தான், ஆனால் இடையில் விழும் ஓட்டையில் குழந்தையின் சுண்டுவிரல் போய் மாட்டும். வீடியோ பார்த்துப் பின்னுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அமெரிக்கக் கணக்கில் டபுள் என்பதும் பிரிட்டிஷ் கணக்கில் டபுள் என்பதும் வேறு வேறு. பிரிட்டிஷ் டபுள், அமெரிக்க சிங்கிளுக்குச் சமம். எந்தக் கணக்கு என்று தெரியாமல் தொடங்கினால் ஸ்வெட்டர் பாதி உயரத்தில் நின்றுவிடும்.

முதலில் ஒரு அளவுத் துண்டு போடுங்கள். 10 சென்டிமீட்டர் அகலத்தில் 16 கண்ணி, 10 சென்டிமீட்டர் உயரத்தில் 12 வரிசை வர வேண்டும். 18 கண்ணி வந்தால் ஊசியை 4.5க்கு மாற்றுங்கள். துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகு அளப்பதுதான் அளவு, காட்டனில் இது ரொம்ப முக்கியம்.

ஒரு வயதுக் குழந்தையின் மார்பளவு சுமார் 46 சென்டிமீட்டர். பனியனுக்கும் அசைவுக்கும் 5 சேர்த்து 51 என்று வைத்துக்கொள்ளலாம். கழுத்துக்கு 46 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, ஊசியிலிருந்து மூன்றாவது செயினில் தொடங்குங்கள். முதல் வரிசை: 7 கண்ணி, மூலை, 6, மூலை, 14, மூலை, 6, மூலை, 7. மூலை என்பது ஒரே செயினுக்குள் ஒரு கண்ணி, ஒரு செயின், ஒரு கண்ணி. அடுத்த வரிசையிலிருந்து, மூலை இடைவெளிக்குள்ளேயே இதைத் திரும்பப் போட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் 8 கண்ணி கூடும். 12 வரிசை முடிந்ததும் எண்ணிப் பாருங்கள்: முன்பக்கம் ஒவ்வொன்றிலும் 19, கை ஒவ்வொன்றிலும் 30, முதுகில் 38, மொத்தம் 136. ஒன்று குறைந்தாலும் அவிழ்த்துவிடுவதே மேல். நான்கு மூலையிலும் வேறு நிற நூல்துண்டு ஒன்றைக் கோத்து வைத்து, வரிசைதோறும் அதை மேலே நகர்த்திக்கொண்டே போனால் இந்தத் தவறு அனேகமாக வராது.

இப்போது கை இரண்டையும் விட்டுவிட்டு, அக்குளில் 3 செயின் போட்டு முன்னையும் முதுகையும் இணைத்தால் உடம்பு 82 கண்ணி. கூட்டாமல் குறைக்காமல் 17 வரிசை, பிறகு 3 சென்டிமீட்டர் பார்டர். மொத்த உயரம் 27 சென்டிமீட்டர். கைக்கு 30 உடன் அக்குள் 3 சேர்ந்து 33. நான்கு வரிசைக்கு ஒரு முறை இரண்டு கண்ணி குறைத்து, 16 வரிசையில் 25க்கு வந்து, 3 சென்டிமீட்டர் மணிக்கட்டுப் பார்டர். கையைச் சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டே போகாதீர்கள். உடம்பு திருப்பித் திருப்பிப் பின்னியது, அதன் முகமும் கையின் முகமும் வேறாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றையும் ஸ்லிப் கண்ணியால் (உயரம் இல்லாத இணைப்புக் கண்ணி) மூடித் திருப்புங்கள்.

பெரும்பாலான ஸ்வெட்டர்கள் கெட்டுப்போவது அக்குளில்தான். 3 செயின் உடம்போடு சேரும் இரண்டு முனையிலும் ஒரு ஓட்டை நிற்கும். குழந்தையைத் தூக்கும்போது மொத்த இழுவையும் அங்கேதான் விழுகிறது, ஒரு மாதத்தில் அது விரல் நுழையும் அளவு ஆகிவிடும். கை தொடங்கும்போது அந்த ஓட்டையின் ஓரத்தில் ஒரு வளையத்தைக் கூடுதலாக எடுத்து, பக்கத்துக் கண்ணியோடு சேர்த்து ஒன்றாக முடித்தால் ஓட்டை மூடிவிடும், கணக்கும் மாறாது. அடுத்த கேடு முன் ஓரம். வரிசையின் முதல் கண்ணியையோ கடைசிக் கண்ணியையோ விட்டுவிட்டால் ஓரம் சாய்ந்து, பட்டன் போட்டால் ஒரு பக்கம் ஏறி நிற்கும்.

மணிக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் குழந்தை வசம்பு வளையல், வெள்ளிக் காப்பு இரண்டும் போட்டிருக்கும். காப்பின் வாய் திறந்த இடம் பின்னலில் போய்க் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். இழுத்தால் நூல் நீளமாக உருவி வரும், குழந்தை கையை உதறி அழும். பார்டரை இறுக்கிப் போடாமல் மணிக்கட்டில் 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள், மாட்டும்போது உங்கள் இரண்டு விரலை உள்ளிருந்து விட்டுக் குழந்தையின் விரல்களைச் சேர்த்துப் பிடித்து வெளியே எடுங்கள். உருவிய நூலை வெட்டக் கூடாது. மொட்டை ஊசியால் பக்கத்துக் கண்ணிகளுக்குப் பகிர்ந்து தள்ளினால் ஒடுங்கிவிடும்.

உள்பக்கத்தில் நூல்முனை தொங்கவே கூடாது. விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், பேச்சு வராத குழந்தை அழுவதன் காரணம் நமக்குத் தெரியாது. முனையை 6 சென்டிமீட்டராவது விட்டு, மூன்று திசையில் மாற்றி மாற்றிக் கோத்த பிறகே வெட்டுங்கள். முடிச்சை மட்டும் நம்பினால் காட்டனில் வழுக்கி அவிழும், முதுகிலும் உறுத்தும். இரண்டு நிற டிசைனில் பின்னால் ஓடும் நூலும் இதே ஆபத்துதான், கையில் அப்படிப்பட்ட டிசைன் வேண்டாம்.

பட்டன் ஐந்து போதும். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளிலும் மாசி வீதி ஃபேன்சி கடைகளிலும் தட்டையான பிளாஸ்டிக் பட்டன் கிடைக்கும். மரப் பட்டன் பார்க்க நன்றாக இருக்கும், துவைக்கத் துவைக்க வெடிக்கும். பின்னல் நூலால் தைக்காமல் தையல் நூலை நான்கு இழையாக்கி, பின்னால் ஒரு சின்னத் துணித்துண்டு வைத்துத் தையுங்கள். பல் முளைக்கும் குழந்தை கழுத்துப் பட்டனைத்தான் முதலில் கடிக்கும், மாதம் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். கழுத்தில் கயிறு, குஞ்சம் எதுவும் வேண்டாம்.

குளிப்பாட்டிச் சாம்பிராணி போடும் நேரத்தில் இந்த ஸ்வெட்டர் குழந்தை உடம்பில் இருக்கக் கூடாது. அக்ரிலிக் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். காட்டனும் பற்றும்.

போரிங் உப்புத் தண்ணீரில் காட்டன் நாலைந்து துவையலிலேயே விறைத்துப்போகும், சோப்பும் முழுதாகப் போகாது. கடைசி அலசலை மட்டும் குடிதண்ணீரில் செய்தால் மென்மை நிற்கும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பாய்மேல் விரித்துக் காயவிடுங்கள். அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி பட்டால் பின்னல் துவண்டு தட்டையாகிவிடும், பிறகு எதனாலும் மீளாது. அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அக்ரிலிக்கையும் காட்டனையும் பொதுவாக அந்துப்பூச்சி அரிப்பதில்லை, ஆனால் அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் சில குழந்தைகளின் ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

கழுத்திலிருந்து பின்னியதன் பலன் இரண்டாவது மார்கழியில்தான் தெரியும். கை பார்டரையும் அடிப் பார்டரையும் அவிழ்த்து, கையில் 4 வரிசை, உடம்பில் 5 வரிசை கூட்டினால் இன்னொரு குளிர்காலம் ஓடும். இதற்கு 40 கிராம் நூலை முதலிலேயே ஒதுக்குங்கள். ஒதுக்கிய நூலைப் பீரோவில் பூட்டி வைத்தால் அது புது நிறத்திலும், ஸ்வெட்டர் வெளுத்த நிறத்திலும் இருக்கும். தளர்வான சிட்டமாகச் சுற்றி நான்கு இடத்தில் கட்டி, ஸ்வெட்டரைத் துவைக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்தே துவையுங்கள், கூட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது.