வேலையோடு போவதா, போய் வேலை தேடுவதா: ஜெர்மனிக்கு இரண்டு வழிகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் எலெக்ட்ரீஷியனாகவும் ஃபிட்டராகவும் இருக்கும் இளைஞர்கள் ஜெர்மனியைப் பற்றி விசாரிக்கும்போது, பெரும்பாலும் இரண்டு வழிகளுக்கு நடுவில் நிற்கிறார்கள். இங்கிருந்தபடியே விண்ணப்பித்து, ஒப்பந்தம் கைக்கு வந்தபின் புறப்படுவது ஒன்று. 2024 ஜூன் முதல் வழங்கப்படும் ‘சான்சென்கார்ட்டே’ என்னும் வாய்ப்பு அட்டையைப் பெற்று, அங்கே போய் ஓராண்டுக்குள் வேலை தேடிக்கொள்வது மற்றொன்று. நான் ஒப்பந்தத்தோடு போனவன். இன்று என் தம்பி கேட்டாலும் அதையே சொல்வேன்.

வேலை கிடைத்துவிட்டால் சம்பளமும் சட்டப் பாதுகாப்பும் இரண்டு வழியிலும் ஒன்றுதான். வேறுபாடு அதற்கு முந்திய மாதங்களில் இருக்கிறது.

அட்டையின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு அங்கீகாரம் பெற்ற இரண்டு ஆண்டுப் பயிற்சியோடு, ஏ1 என்னும் தொடக்க அளவு ஜெர்மனோ, பி2 என்னும் சரளமாகப் பேசும் அளவு ஆங்கிலமோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆறு புள்ளிகள் சேர வேண்டும். முப்பத்தைந்து வயதுக்குள் இருந்தால் இரண்டு, கடந்த ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு தொழில் அனுபவத்துக்கு மூன்று, ஏ1-க்கு அடுத்த படியான ஏ2 ஜெர்மனுக்கு ஒன்று என, ஐ.டி.ஐ. முடித்த தொழிற்சாலை எலெக்ட்ரீஷியன் ஒருவர் அந்த ஆறை எட்டிவிடலாம். அங்கே வாரம் இருபது மணி நேரம் பகுதிநேர வேலை செய்யவும், ஒரு முதலாளியிடம் இரண்டு வாரம் வரை சோதனை வேலை செய்து காட்டவும் அனுமதி உண்டு. கைவேலை தெரிந்தவரைப் பேச வைத்துப் பார்ப்பதைவிட, மல்டிமீட்டரைக் கையில் கொடுத்துப் பார்ப்பது நியாயமான தேர்வு என்பதால், இந்த ஏற்பாட்டை நான் உண்மையிலேயே மதிக்கிறேன்.

ஆனாலும் என் முடிவைத் தீர்மானித்தது காத்திருப்பின் செலவு. அட்டைக்கு விண்ணப்பிப்பவர் தம் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டுக்கு அது மாதம் 1,091 யூரோ, ஓராண்டுக்கு 13,092 யூரோ. பெரும்பாலோர் அதை, மாதத்துக்கு இவ்வளவு என்று மட்டுமே எடுக்கவிடும் பிளாக்டு அக்கவுண்டில் போட்டுவைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்தத் தொகை நகைக்கடனிலிருந்தோ தோட்டத்துப் பத்திரத்தை அடகு வைத்தோதான் வரும். அங்கே இறங்கிய நாள் முதல் அது கரையத் தொடங்கிவிடுகிறது. வீடு கிடைக்க வேண்டும்; வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தந்தால்தான் நகராட்சியில் முகவரியைப் பதிய முடியும்; பதிவு இல்லாமல் மற்ற காரியங்கள் நகர்வது கடினம். இந்திய ஓட்டுநர் உரிமம் குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும், ஆனால் பராமரிப்பு வேலைகள் பலவும் பேருந்து குறைவான ஊர்ப்புறத் தொழிற்பேட்டைகளில், இரவு ஷிப்டோடு இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் போக மிஞ்சுவதுதான் வேலை தேடும் காலம்.

நம் படிப்பு ஜெர்மன் பயிற்சிக்கு ஈடானது என்று அங்கே ஏற்கும் தகுதி அங்கீகாரமும் இதே கணக்கில்தான் வரும். நம் ஐ.டி.ஐ. இரண்டு ஆண்டு, அங்கே தொழிற்சாலை மின்பணிக்கான பயிற்சி மூன்றரை ஆண்டு. எனவே பகுதி அங்கீகாரம் மட்டுமே வர இடமுண்டு. வெளிநாட்டுத் தொழிற்பயிற்சியை மதிப்பிடும், நியூரம்பெர்க்கில் உள்ள ஐ.எச்.கே. ஃபோசா அலுவலகம் ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த பிறகுதான் பரிசீலனைக் காலத்தை எண்ணத் தொடங்கும். ஒரு தாள் குறைந்தாலும் திரும்பக் கேட்பார்கள். கோத்தகிரியில் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்தக் கடிதத்துக்குக் காத்திருப்பவருக்கு அது பொறுமையை மட்டுமே சோதிக்கும். அட்டையோடு அங்கே காத்திருப்பவருக்கு ஒவ்வொரு மாதமும் ஆயிரம் யூரோவுக்கு மேல் போகும்.

பயிற்சியில் உள்ள குறையை அனுபவத்தால் ஈடுகட்ட வழியிருப்பதால், அனுபவச் சான்றிதழ் மிக முக்கியம். ‘இவர் இங்கு எலெக்ட்ரீஷியனாகப் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்’ என்ற இரண்டு வரி அங்கே எதையும் நிரூபிக்காது. இலையை வாட்டும் தொட்டிகளின் விசிறி மோட்டார்கள், இலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தின் ஸ்டார்ட்டர் பேனல், டிரையரின் வெப்பக் கட்டுப்பாடு, ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச் என எதைக் கழற்றினோம், எதைப் பூட்டினோம் என்பதைத் தேதிகளோடு எழுதி, மேலாளரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். இலை குறைவாக வரும் மாதத்தில் கேட்டால் மேலாளருக்கும் உட்கார்ந்து எழுத நேரமிருக்கும். மலையை விட்டு இறங்கியபின் தொலைபேசியில் இதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

ஒப்பந்தத்தோடு போவதிலும் தாமதம் உண்டு. கடல் கடந்து இருப்பவருக்குப் பதில் போடாத நிறுவனங்களே அதிகம். ஆனால் எடுத்துக்கொள்ள முடிவு செய்த முதலாளி, 411 யூரோ கட்டணத்தில் விசாவுக்கான விரைவு நடைமுறையைத் தொடங்கலாம். முழு அங்கீகாரம் வராதவருக்கும் 2024 மார்ச் முதல் வழி இருக்கிறது: ஒப்பந்தமும் ஏ2 ஜெர்மனும் இருந்தால், அங்கே வேலை பார்த்துக்கொண்டே அங்கீகாரத்தை முடிக்கலாம். தொழில் வல்லுநருக்கான வசிப்பு அனுமதியை மூன்று ஆண்டு வைத்திருப்பவர், ஓய்வூதியப் பங்களிப்பும் பி1 ஜெர்மனும் இருந்தால் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம்; அட்டையில் கழித்த ஆண்டு அந்த மூன்றில் சேராது.

நான் அறிந்தது தொழிற்சாலைப் பராமரிப்பு வேலை மட்டுமே. செவிலியர்களுக்கோ கணினித் துறையினருக்கோ இந்தத் தீர்ப்பை நான் நீட்ட மாட்டேன். முழு அங்கீகாரத்தைக் கையில் வைத்திருப்பவருக்குப் புள்ளிக் கணக்கே இல்லாமல் அட்டை கிடைக்கும். அதோடு பி1 ஜெர்மனும், கடன் வாங்காத பணமும் இருந்தால், அவர் அட்டையோடு போவதை நான் தடுக்க மாட்டேன்.