குறுக்குப் பெருக்கலா, ஓரலகா, மடங்கா: வேகம், மைலேஜ் கணக்குகளுக்கு எது கைகொடுக்கும்?

நேர் மாறல் (ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும்), எதிர் மாறல் (ஒன்று இரட்டித்தால் மற்றது பாதியாகும்) கணக்குகளைப் போட மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: குறுக்குப் பெருக்கல், ஓரலகு முறை, மடங்கு முறை. சரியாகப் போட்டால் மூன்றிலும் ஒரே விடைதான். ஆனால் தப்பு நடக்கும்போது மூன்றும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. ஒரு முறை தப்பைக் காட்டிக்கொடுக்கும், இன்னொன்று மூடி மறைக்கும். பிள்ளைகளுக்கு எதை முதலில் சொல்லித்தருவது என்பதை அதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பேன். வேகம், எரிபொருள் கணக்குகளில் இது நன்றாகத் தெரியும். ஒரே பயணத்துக்குள் நேர் மாறலும் எதிர் மாறலும் சேர்ந்தே வருகின்றன.

முதலில் ஓர் எளிய கணக்கு. ஒரு கார் 15 லிட்டர் பெட்ரோலில் 240 கி.மீ. ஓடுகிறது. சென்னையிலிருந்து திருச்சி ஏறக்குறைய 330 கி.மீ. அதற்கு எத்தனை லிட்டர் வேண்டும்?

குறுக்குப் பெருக்கலில் 15/240 = ?/330 என்று எழுதி, 15 × 330 ÷ 240 = 20.625 லிட்டர் என்று முடித்துவிடலாம். வேகமான வழி, தேர்வில் நேரம் மிச்சம். சரி, இப்போது இரண்டாவது கணக்கு. அதே தூரத்தை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் 5.5 மணி நேரம். 75 கி.மீ. வேகத்தில் போனால்? பழக்கதோஷத்தில் 60/5.5 = 75/? என்று எழுதினால் 6.875 மணி நேரம் என்று வரும். வேகம் கூடியிருக்கிறது, பயண நேரமும் கூடியிருக்கிறது! இது நடக்காது என்று எந்தப் படியும் எச்சரிக்கவில்லை. எண்களைப் பெட்டியில் போட்டோம், விடை வந்தது, அவ்வளவுதான்.

இந்த ஆபத்து பழைய கணித ஆசிரியர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆர்யபடர் 499இல் சொன்ன திரைராசிகம், அதாவது மூன்று எண்களிலிருந்து நான்காவதைக் காணும் விதி, இதே வழிதான்: பலனை (நம் முதல் கணக்கில் 15 லிட்டர்) இச்சையால் (கேட்கப்பட்ட 330 கி.மீ.) பெருக்கி, பிரமாணத்தால் (தெரிந்த 240 கி.மீ.) வகு. 628இல் பிரம்மகுப்தர் எதிர் மாறலுக்கு இதைத் தலைகீழாக்கித் தனி விதியாகவே கொடுத்தார். எது நேர், எது எதிர் என்று பிரித்த பிறகுதான் விதிக்குள் நுழைய வேண்டும். வகுப்பறையில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அந்தப் பிரிக்கும் வேலைதான்.

ஓரலகு முறை மெதுவானது. ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு பொருள் இருக்கும். 15 லிட்டரில் 240 கி.மீ. என்றால் 1 லிட்டரில் 16 கி.மீ.; 330 ÷ 16 = 20.625 லிட்டர். அந்த 16 என்பது வெறும் இடைப்பட்ட எண் அல்ல, அந்தக் காரின் மைலேஜ். லிட்டருக்கு 160 கி.மீ. என்று யாராவது தவறி எழுதினால், பைக் ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை "இது எப்படி?" என்று உடனே கேட்கும். இந்தக் கேள்வி வர இடம் கொடுப்பதற்காகவே ஓரலகு முறையை முதலில் கற்றுத்தர வேண்டும்.

இரண்டாவது கணக்கில் இதற்கு ஒரு சின்ன சங்கடம் உண்டு. "மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் போனால் 330 மணி நேரம்" என்று எழுத வேண்டிவரும். யாரும் அப்படிக் காரை உருட்டிக்கொண்டு போகமாட்டார்கள் என்பதால் பிள்ளைகள் அங்கே விழிப்பார்கள். அப்போது அந்த 330 வேறொன்றுமில்லை, மொத்தத் தூரம்தான் என்று காட்டிவிட்டால் போதும். 330 ÷ 75 = 4.4 மணி நேரம். (4.4 மணி என்பது 4 மணி 24 நிமிடம். 4 மணி 40 நிமிடம் என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.)

மடங்கு முறையில் முதல் கேள்வியே, "எத்தனை மடங்கு மாறியிருக்கிறது?" என்பதுதான். வேகம் 75/60, அதாவது 5/4 மடங்கு ஆகியிருக்கிறது. நேரம் கூடுமா, குறையுமா? குறையும். அப்படியானால் 4/5ஆல் பெருக்கு: 5.5 × 4/5 = 4.4. எதிர் மாறலுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. கூடுமா குறையுமா என்று கேட்காமல் இந்த முறையில் ஓர் அடிகூட வைக்க முடியாது.

மூன்று நான்கு அளவுகள் ஒன்றாக மாறும்போது இது இன்னும் அழகாக வேலை செய்யும். 4 லாரிகளுக்கு 5 நாளில் 600 லிட்டர் டீசல். அதே அளவு ஓடும் 6 லாரிகளுக்கு 8 நாளில் எவ்வளவு? 600 × 6/4 × 8/5 = 1440 லிட்டர். அப்புறம், மைலேஜ் லிட்டருக்கு 4 கி.மீ. இலிருந்து 5 ஆனால்? தேவை குறையும், ஆகவே 4/5ஆல் பெருக்கு: 1152 லிட்டர். இதையே குறுக்குப் பெருக்கலில் போட முயன்றால் எந்த எண்ணை எங்கே வைப்பது என்றே குழம்பிவிடும்.

முறையைப் போலவே அளவையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நாம் லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்கிறோம், ஐரோப்பாவில் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்கிறார்கள். கேள்வி பெட்ரோல் செலவைப் பற்றியது என்றால் நம் அளவில் அது எதிர் மாறல், அவர்கள் அளவில் நேர் மாறல். லிட்டருக்கு 10 கி.மீ. தரும் வண்டியை மாற்றி 12.5 தரும் வண்டி வாங்குகிறார் ஒருவர். இன்னொருவர் 25 தருவதை மாற்றி 40 தருவதை வாங்குகிறார். யாருக்கு அதிக மிச்சம்? இரண்டாமவருக்கு என்று தோன்றும். 1000 கி.மீ.க்குக் கணக்குப் போடுங்கள். முதலாமவருக்கு 100 லிட்டர் 80 ஆகிறது, மிச்சம் 20 லிட்டர். இரண்டாமவருக்கு 40 லிட்டர் 25 ஆகிறது, மிச்சம் 15 தான். சராசரி வேகத்திலும் இதே பொறி. திருச்சிக்கு 60இல் போய் 75இல் திரும்பினால் சராசரி 67.5 அல்ல. 660 கி.மீ.க்கு 9.9 மணி நேரம், அதாவது மணிக்கு 66.67 கி.மீ. தான்.

இனி, மூன்று முறையும் செல்லாத இடம். "மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 5 லிட்டர் செலவானால், அதே தூரத்துக்கு 80 கி.மீ. வேகத்தில் எத்தனை லிட்டர்?" இது விகிதக் கணக்கு போலவே தோற்றம் காட்டும். ஆனால் விகிதத்தால் இதற்கு விடை கிடையாது. காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. டயரின் உராய்வும் இன்ஜினின் இழப்பும் அப்படிக் கூடுவதில்லை. நெரிசலில் ஊர்ந்து போனாலும் கி.மீ.க்கான செலவு ஏறத்தான் செய்யும். ஆகவே அந்தந்த வேகத்தில் ஓட்டி அளந்த எண்கள் கேள்வியிலேயே இருக்க வேண்டும்.

ஆட்டோ கட்டணமும் இந்த வகைதான். 2013இல் சென்னையில் நிர்ணயித்தபடி முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதன் பிறகு கி.மீ.க்கு 12 ரூபாய். 3.6 கி.மீ.க்கு 50 ரூபாய் ஆகாது, 46.60 தான் வரும். ஒன்றை இரட்டித்தால் மற்றது இரட்டிக்கிறதா அல்லது பாதியாகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மூன்று முறையையும் ஒதுக்கிவிட்டு வேறு வழி தேட வேண்டியதுதான்.

ஆறாம், ஏழாம் வகுப்பில் ஓரலகு முறையோடு நன்றாகப் பழகட்டும். எதிர் மாறல் வந்ததும் மடங்கு முறைக்கு மாற்றுங்கள். குறுக்குப் பெருக்கலை, கூடுமா குறையுமா என்று பிள்ளை தானாகவே கேட்கத் தொடங்கிய பிறகு கொடுக்கலாம்.