சோயாமீட்: மலைநாட்டு அடுப்புக்கு எந்தப் பக்கட் சரி?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் எந்தப் பலசரக்குக் கடைக்குப் போனாலும் சோயாமீட் பக்கட், அதாவது இறைச்சி மாதிரிக் கறிவைக்கிற காய்ந்த சோயாத் துண்டு, சரம் சரமாகத் தொங்கும். லங்கா சோய், ரைகம், டெல்மேஜ் என்று பெயர்கள் பல. இதில் லங்கா சோய், மஞ்சி பிஸ்கட் செய்கிற சீ.பி.எல். குழுமத்தைச் சேர்ந்த கன்வீனியன்ஸ் ஃபூட்ஸ் கம்பனியின் தயாரிப்பு. பிஸ்கட்டுக்குப் பேர் போன குழுமம் சோயாவிலும் இப்படிக் காலூன்றியிருக்கிறது. இலங்கையில் சோயாவைப் பல வீடுகளுக்குப் பழக்கியதில் 1973இல் தொடங்கிய திரிபோஷவுக்கும் பங்குண்டு. கிளினிக்கில் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கிற அந்த மாவில் சோளத்தோடு சோயாவும் இருக்கிறது.

இந்தக் கம்பனிகள் வாசனை சேர்த்த பக்கட்டும் விற்கின்றன. கோழி, கணவாய், இறால் என்று வகைகள் பல. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவர் பார்க்க வேண்டியது புரதத்தை. அதற்கு வாசனை சேர்க்காத சாதாரண பக்கட்டே நல்லது என்பது எங்கள் முடிவு.

சோயாமீட் செய்வது எண்ணெய் எடுத்த சோயா மாவில். அந்த மாவில் சுமார் பாதி புரதம். மாவைத் தண்ணீரோடு குழைத்து, சூடான உருளைக்குள் திருகாணி போன்ற தண்டால் அழுத்தித் தள்ளுகிறார்கள். சிறு துவாரத்தால் வெளியே வரும்போது உள்ளே அடங்கியிருந்த நீராவி சட்டென்று விரிய, துண்டு பொங்கி ஓட்டை ஓட்டையாகிறது. இறைச்சி மாதிரி நார் நாராக வருவதும் இந்த அழுத்தத்தால்தான். ஆக, பக்கட்டில் இருப்பது ஏற்கெனவே வெந்த பொருள். வீட்டில் நாம் செய்வது அதற்குள் தண்ணீரை ஏற்றுவது மட்டும்.

மலைநாட்டில் சமையல் பிழைத்துப்போவது இந்த இடத்தில்தான். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். போதாததற்குக் குளிர். பிளாஸ்க் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் சீக்கிரமே ஆறிவிடும். துண்டின் நடுவில் வெள்ளையாக ஒரு கட்டி நிற்கும், கடித்தால் ரப்பர் மாதிரி இழுபடும். கொழும்பில் ஊறவைத்தாலே சரிவருவது இங்கே சரிவராது. அடுப்பில் வைத்தே ஆக வேண்டும்.

90 கிராம் பக்கட்டுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. தளதளவென்று கொதித்த பிறகு துண்டுகளைப் போட்டு, மூடி, இளந்தீயில் எட்டு முதல் பத்து நிமிடம். ஒரு துண்டை நடுவில் வெட்டிப் பாருங்கள், ஒரே நிறமாக இருந்தால் இறக்கலாம். பிரஷர் குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். பச்சைத்தண்ணீரில் அலசிப் பிழிந்து, இன்னொரு தரம் அலசிப் பிழியுங்கள். சோயாவின் பச்சை வாடை அந்தத் தண்ணீரோடுதான் போகும். பிழியாமல் கறிக்குப் போட்டால் உள்ளே இடமிருக்காது, மசாலா வெளியிலேயே நின்றுவிடும். கறி சப்பென்று இருக்கிறது என்று சொல்கிறவர்களில் பலர் கோட்டைவிடுவது இதில்தான்.

சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு பெரிய வெங்காயம், நாலு பல் பூண்டு, கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை போட்டு வதக்குங்கள். அதில் பிழிந்த சோயாவைப் போட்டு ஓரம் சிவக்க நாலைந்து நிமிடம் பிரட்ட வேண்டும். இந்த நிறம் வராமல் கறிக்கு மணம் வராது. பிறகு ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு தேக்கரண்டி வறுத்த கறித்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள். தேங்காயின் இரண்டாம் பால் ஒரு கோப்பை ஊற்றி எட்டு நிமிடம் வற்றவிட்டு, கடைசியில் முதற்பால் அரைக் கோப்பை. முதற்பாலை ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகுதான்.

வாசனைப் பக்கட் வாங்குவதானால் உள்ளே மசாலா உறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் உப்பும் சேர்ந்தே இருக்கும். சட்டியில் உப்பைத் தனியாகப் போடாதீர்கள். பிரஷர்க்காரர் இருக்கிற வீட்டில் உறையில் பாதி போதும். மீன், கோழி என்று பேர் போட்டிருந்தால் இறைச்சி இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஆனாலும் விரதத்துக்குச் சமைப்பவர்கள் பின்பக்கத்துச் சேர்மானப் பட்டியலை ஒருமுறை வாசிப்பது நல்லது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் அப்படியே.

சாதாரண பக்கட் ஒன்றை நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 11 கிராம் அளவில் புரதம், கிட்டத்தட்ட இரண்டு முட்டைக்குச் சமம். தோட்டப்பக்கம் காலையும் இரவும் கோதுமை ரொட்டிதான். கோதுமையில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு, சோயாவில் அது தாராளம். அதனால் ரொட்டியும் சோயாவும் நல்ல சோடி. பிஞ்சுப் பலாக்காய் கறியைச் சைவ இறைச்சி என்று இப்போது டின்னில் அடைத்து விற்கிறார்கள். ருசிக்குக் குறையில்லை, ஆனால் புரதத்துக்கு அதை நம்ப முடியாது.

சோயாவில் இரும்புச்சத்து உண்டு, ஆனால் உடம்பு அதை இலேசில் எடுத்துக்கொள்ளாது. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் தேயிலையின் டனின் அதையும் தடுத்துவிடும். இரத்தசோகை அதிகமுள்ள தோட்டப் பெண்களுக்கு இது சின்ன விசயமில்லை. தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிப்போட்டு, சோற்றோடு தேசிக்காயோ கொய்யாப்பழமோ சேர்த்துக்கொள்ளுங்கள். பி12 சோயாவில் இல்லை; அதற்கு முட்டையோ பாலோ வேண்டும்.

உடைத்த பக்கட்டை அப்படியே அடுப்படியில் வைக்காதீர்கள். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியும். துண்டுகள் ஈரத்தை இழுத்துப் பதமாகி, சிக்கு வாடை அடிக்கும். இறுக மூடுகிற டின்னில் போட்டு இரண்டு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். கடையில் வாங்கும்போதும் பக்கட்டை அழுத்திப் பாருங்கள்: துண்டு மொறுமொறுவென்று உடைய வேண்டும், வளைந்தால் வேறு பக்கட் கேளுங்கள்.