ஸ்லைட் செய்ய எந்த மென்பொருள்? ‘கொழுந்து’ என்று தட்டிப் பார்த்த கதை

தலவாக்கலை டவுனில் போட்டோ கொப்பி, பிரின்ட், ரீலோட் என்று ஓடும் சின்னக் கடை எங்களுடையது. மூன்றாந் தவணை நெருங்கினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். “அண்ணே, ஸ்கூல்ல பிரசன்டேஷன் செய்யச் சொல்லிட்டாங்க. எந்த சொஃப்ட்வெயார் போட்டா நல்லது?” முன்பெல்லாம் “பவர்பொயின்ட்” என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்பேன். இப்போது அப்படி முடிவதில்லை. கேட்கிறவரிடம் இருப்பது லெப்டொப்பா, வெறும் போனா? தோட்டத்து வீட்டில் சிக்னல் எத்தனை கோடு காட்டும்? காட்டப்போவது யாருடைய மெஷினில்? இத்தனையும் கேட்ட பிறகுதான் வாய் திறக்க முடிகிறது.

ஆகவே ஒரு மழை வாரத்தில், கடைக்கு ஆள் வராத நேரமாகப் பார்த்து, ஒரே பிரசன்டேஷனை வெவ்வேறு மென்பொருளில் செய்து பார்த்தேன். மொத்தம் ஆறு ஸ்லைட். தலைப்பு, 1867-இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட விவரம், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு படம், சின்ன அட்டவணை, ஒரு வரைபு, கடைசியில் வழக்கமான ‘நன்றி’. லெப்டொப் பழசு, 4 ஜிபி ரெம், சுழலும் ஹார்ட் டிஸ்க், செத்த பெட்டரி. இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது இந்த ரகம்தான்.

முதல் சோதனை எப்போதும் ‘கொழுந்து’ என்ற சொல். ‘கொ’வில் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் ‘க’. தமிழ் தெரியாத மென்பொருள் இந்த மூன்றையும் பிரித்துப் போட்டுவிடும், அல்லது கொம்பைக் கொண்டுபோய் ‘ழு’வின் தலையில் வைக்கும். தேயிலை நாட்டில் கொழுந்தையே எழுதத் தெரியாத மென்பொருள் நமக்கு எதற்கு?

மென்பொருட்களைப் பார்க்குமுன் ‘ஷெயார்வெயார்’ பற்றிக் கொஞ்சம். ‘முதலில் பாவித்துப் பார், பிடித்தால் காசு கொடு’ என்ற ஏற்பாடு அது. 1983-இல், முன்பு மைக்ரோசொஃப்டில் வேலை செய்த பொப் வொலஸ் என்பவர், தன்னுடைய பிசி-ரைட் என்ற எழுதும் மென்பொருளை இந்தப் பெயரில் விட்டார். பிளொப்பியில் கொப்பி அடித்து நண்பர்களுக்குக் கொடுங்கள் என்று செய்தவரே சொன்னார் என்பதுதான் இதில் அழகு. இன்று அந்தப் பெயர் மங்கிவிட்டது, ஆள் மட்டும் பல வேஷத்தில் உலாவுகிறார். ஒரு மாதம் இலவசம் என்பார் ஒருவர். முழுவதும் இலவசம், ஆனால் விளம்பரம் வரும் என்பார் இன்னொருவர். அடிப்படை இலவசம், அழகான படத்துக்கு மட்டும் காசு என்பார் மூன்றாமவர். எந்த வேஷம் என்று தெரியாமல் இறக்கினால், நிகழ்ச்சிக்கு முதல் நாள் இரவு முழிக்க வேண்டிவரும்.

சரி, பவர்பொயின்டில் தொடங்குவோம்.

1987-இல் ஃபோர்தோட் என்ற சின்னக் கம்பெனி மெக்கின்டொஷ் கணினிக்காக வெளியிட்டது இது. அதே வருடம் மைக்ரோசொஃப்ட் அந்தக் கம்பெனியை 1 கோடியே 40 இலட்சம் டொலருக்கு வாங்கியது. இன்று எந்தப் பாடசாலையில், எந்த அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் திறக்கும் கோப்பு இதனுடையதுதான். அதுதான் இதன் பெரிய பலம். ‘கொழுந்து’ சுத்தமாக வரும். வரைபு, அட்டவணை எல்லாம் கைக்கு அடக்கம்.

காசு கொடுக்காமல் பாவிக்க மூன்று வழி. ஒன்று, மைக்ரோசொஃப்ட் 365-இன் ஒரு மாத இலவசச் சோதனை. இதற்கு வங்கி அட்டை இலக்கம் கேட்பார்கள். மாதம் முடியுமுன் நீங்களாக நிறுத்தாவிட்டால் காசு வெட்டுப்படும். காலம் முடிந்து காசும் கட்டாவிட்டால் கோப்பைப் பார்க்கலாம், பிரின்ட் எடுக்கலாம், ஒரு எழுத்துக்கூட மாற்ற முடியாது. அதனால் இந்த ஒரு மாதத்தை ஜனவரியில் ஆசைக்குத் தொடங்கி வீணாக்காதீர்கள். வேலை வரும்போது தொடங்குங்கள். இரண்டாவது, பிரவுசரில் திறக்கும் இலவச பவர்பொயின்ட். ஒரு மைக்ரோசொஃப்ட் கணக்கு போதும், 5 ஜிபி இடமும் தருவார்கள், ஆனால் டேட்டா இல்லாமல் நகராது. மூன்றாவது போனில் போடும் ஆப். அவசரத்துக்கு ஒரு எழுத்துப் பிழை திருத்த அதைப் போல ஒன்று கிடையாது.

நாலாவது வழி ஒன்றும் ஊரில் உண்டு, உங்களுக்கே தெரியும். ‘கிரெக்’ போட்டது, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த கள்ளப் பதிப்பு. பென் டிரைவில் யாரோ கொண்டுவருவார், போடுமுன் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கு என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கோப்பெல்லாம் ஷோர்ட்கட்டாக மாறிய பென் டிரைவோடு கடைக்கு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், உழைத்துச் செய்த வேலை போய்விடும்.

லிப்ரே ஒபிஸ் இம்ப்ரெஸ் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வோட்டு இதற்கு.

இது ஷெயார்வெயாரே இல்லை, முழுக்க இலவசம், திறந்த மூலம், அதாவது உள்ளே எழுதிய நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஓபன் ஒபிஸிலிருந்து 2010-இல் பிரிந்து வந்தது. டொகியுமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு பராமரிக்கிறது. நாள் கணக்கு, அட்டை இலக்கம், விளம்பரம் எதுவும் கிடையாது. இறக்கும் கோப்பு 350 எம்பி சுற்றளவில் வரும். மலைக்குப் பின்னால் ஒரு கோடு சிக்னலில் இருக்கிறவருக்கு அது பெரிய தொகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் டவுனுக்கு வந்து இறக்கிக்கொண்டு போனால் போதும், அந்தத் தோட்ட டிவிஷன் முழுக்கப் பென் டிரைவில் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அது சட்டப்படி சரி. பொப் வொலஸ் பிளொப்பியில் கேட்டது இங்கேதான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றும். எங்கள் கடையிலும் அந்தக் கோப்பு எப்போதும் இருக்கும். பென் டிரைவ் கொண்டுவந்தால் சும்மா போட்டுக் கொடுப்போம்.

பழைய லெப்டொப்பில் முதல் தடவை திறக்க ஒரு பிளேன்டி குடிக்கிற நேரம் எடுக்கும். திறந்த பிறகு பிரச்சினையில்லை. ‘கொழுந்து’ ஒழுங்காக வருகிறது. மெனுவையே தமிழில் வைத்துக்கொள்ளவும் வழியுண்டு, ஆனால் நான் ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறேன், பழக்கதோஷம். ஒரே அழுத்தில் பிடிஎஃப் ஆக்கலாம், எழுத்துருவும் உள்ளேயே போய்விடும்.

குறை இல்லாமல் இல்லை. கூடவே வரும் டிசைன்கள் கொஞ்சம், அதிலும் சில பார்க்கப் பழசாக இருக்கும். இதில் செய்ததை பவர்பொயின்ட் வடிவில் சேமித்து அங்கே திறந்தால் வரிகள் இறங்கி ஏறும், சில அனிமேஷன் மாறும். எழுத்து ஸ்லைடின் ஓரத்தை ஒட்டி நின்றால் கட்டாயம் வெளியே வழியும். சுற்றிவர இரண்டு விரல் இடம் விட்டுச் செய்தால் இந்தத் தலைவலி பாதி குறையும். இன்னொன்று: தானாகச் சேமிக்கும் இடைவெளி 10 நிமிஷமாக வைத்திருப்பார்கள். செத்த பெட்டரியும் நம்மூர்க் கரண்டும் சேர்ந்தால் 10 நிமிஷம் என்பது மூன்று ஸ்லைட். முதல் வேலையாக அதை 2 நிமிஷமாக்குங்கள்.

டபிள்யூபிஎஸ் ஒபிஸ் சீனாவின் கிங்சொஃப்ட் கம்பெனியுடையது. முகம் பவர்பொயின்டை அப்படியே உரித்து வைத்தது போல இருப்பதால் பழகியவர்களுக்குக் கை தடுமாறாது. பலவீனமான மெஷினிலும் போனிலும் நன்றாக ஓடும். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், சில வசதிகளைத் தொட்டால் பிரிமியம் கேட்கும். போன் மட்டும் உள்ள பிள்ளைகள் அதிகம் பாவிப்பது இதைத்தான், அதில் தப்பும் இல்லை. விளம்பரம் பிடிக்காவிட்டால் டேட்டாவை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள், சத்தமே இருக்காது.

உண்மையான பழைய ஷெயார்வெயார் வாசனை வேண்டுமென்றால் ஜெர்மனியின் சொஃப்ட்மேக்கர். அவர்களுடைய பிரசன்டேஷன்ஸ் 30 நாள் சோதனைக்குக் கிடைக்கும். அது முடிந்த பிறகு காசு கட்ட மனமில்லையென்றால் ஃப்ரீ ஒபிஸ் என்ற இலவசத் தம்பி இருக்கிறான். லிப்ரே ஒபிஸை விடச் சின்ன உருவம். போட்டவுடன் ‘கொழுந்து’ தட்டிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

கூகுள் ஸ்லைட்ஸும் கன்வாவும் வேறு சாதி. இரண்டும் இணையத்தில் வாழ்பவை.

கூகுள் ஸ்லைட்ஸில் நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஒரு பிள்ளை பொகவந்தலாவையிலும் ஒரு பிள்ளை பண்டாரவளையிலும் இருந்துகொண்டு ஒரே ஸ்லைடைத் திருத்துவதை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. நாங்கள் படித்த காலத்தில் குறூப் வேர்க் என்றால் ஒருவர் எழுத, மூன்று பேர் பக்கத்தில் நின்று கதைப்பது. ஒவ்வொரு எழுத்தும் உடனே சேமிக்கப்படும், கரண்ட் போனாலும் கவலையில்லை. ஜீமெயிலோடு சேர்த்து 15 ஜிபி இடம். பவனம், மீரா இனிமை, ஹிந்த் மதுரை என்று நல்ல தமிழ் எழுத்துருக்களும் உண்டு. டேட்டா இல்லாமல் திறக்க வேண்டுமென்றால், டேட்டா இருக்கும்போதே ஓஃப்லைன் வசதியைப் போட்டு வைத்திருக்க வேண்டும். மண்டபத்துக்குப் போய் நின்றுகொண்டு அதைத் தேடிப் பிரயோசனம் இல்லை.

கன்வா 2013-இல் அவுஸ்திரேலியாவில் வந்தது. அழகுக்கு அதை வெல்ல ஆளில்லை. கோயில் திருவிழா அறிவித்தல், முன்பள்ளி விளையாட்டுப் போட்டி, முப்பத்தோராம் நாள் நினைவு ஸ்லைட் என்று எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு தயார் அச்சு (டெம்ப்ளேட்) இருக்கும். கிரீடச் சின்னம் போட்ட படத்தைத் தொட்டால் காசு. பாடசாலை ஆசிரியர்களுக்கு மட்டும் தனி இலவசத் திட்டம் உண்டு, தகுதியை நிரூபித்தால் போதும். என் குறை ஒன்றே: பிள்ளைகள் அச்சைத் தேடுவதில் ஒரு பின்னேரம் போய்விடும், உள்ளே எழுத வேண்டியது இரண்டு வரியோடு நின்றுவிடும். பாடத்துக்கான ஸ்லைட் என்றால் நான் இதைச் சொல்வதில்லை. விழாவுக்கு என்றால் யோசிக்காமல் சொல்வேன்.

எந்த மென்பொருளை எடுத்தாலும் எழுத்துரு விஷயத்தில் வழுக்கினால் எல்லாம் போச்சு. ஒரு டீச்சர் மூன்று இரவு கண் முழித்து பாமினியில் ஸ்லைட் செய்தார். மண்டபத்து மெஷினில் பாமினி இல்லை. ‘தமிழ்’ என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஒரு அரைப்புள்ளி. திரை முழுக்க அப்படியே. பாமினி ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போடும் பழைய எழுத்துரு. முகமூடி இல்லாத மெஷினில் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும். பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

அதனால் யுனிகோட்டில் மட்டும் தட்டுங்கள், அதில் முகமூடி இல்லை, உள்ளே இருப்பதும் தமிழ் எழுத்துத்தான். விண்டோஸ் 8 முதல் வந்த மெஷின்களில் நிர்மலா யுஐ என்ற யுனிகோட் எழுத்துரு கூடவே வரும். லதா என்ற பழைய எழுத்துரு அப்படியில்லை, விண்டோஸ் 10-இல் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பவர்பொயின்டிலும் இம்ப்ரெஸிலும் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதி இருக்கிறது, செட்டிங்கில் ஒரு ‘டிக்’ மட்டும்தான். பாமினியில் ஏற்கனவே தட்டி வைத்திருந்தால் இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு, மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

ஆக, கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சொந்த லெப்டொப் இருக்கிறதா, இம்ப்ரெஸ் போடுங்கள். போன் மட்டுமா, டபிள்யூபிஎஸ். குறூப்பாகச் செய்வதென்றால் கூகுள் ஸ்லைட்ஸ். காட்டப்போவது பவர்பொயின்ட் உள்ள மெஷினில், அதுவும் அனிமேஷன் கட்டாயம் என்றால் அந்த ஒரு மாதச் சோதனையைத் தொடங்குங்கள், முடியும் நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். எதில் செய்தாலும் பென் டிரைவில் பிடிஎஃப் ஒன்றும் இருக்க வேண்டும். பிடிஎஃப் எல்லா மெஷினிலும் திறக்கும், எழுத்து ஓடாது. அக்ரோபெட் ரீடரில் கண்ட்ரோலோடு ‘எல்’ அழுத்தினால் திரை முழுக்க ஸ்லைட் போலவே நிற்கும்.

அந்த டீச்சர் போன தவணை திரும்பவும் வந்தார். இம்முறை இம்ப்ரெஸ், நிர்மலா, பிடிஎஃப் எல்லாம் தயார். போகிறபோக்கில், “எதற்கும் இருக்கட்டும் தம்பி” என்று ஆறு ஸ்லைடையும் ஒரே தாளில் போட்டு நாற்பது கொப்பி அடித்துக்கொண்டார். அன்று காலை தோட்டத்துப் பக்கம் மரம் விழுந்து மத்தியானம் வரை கரண்ட் இல்லை. பாடம் நடந்தது தாளில்தான்.